மெம்ஃபிஸ் பட்டம் எதனால் மறைந்தது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்ஃபிஸ் நகரம். அந்த நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள சில ஊர்களையும் தவிர வேறெங்கும் மதிப்பில்லாத ஒரு மல்யுத்தப் பட்டத்தின் வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘சதர்ன் ஹெவிவெயிட்’, அதாவது தெற்கத்தி ஹெவிவெயிட் பட்டம் என்று அதற்குப் பெயர். முதலில் ஜூனியர் ஹெவிவெயிட் பிரிவுக்கு உரியதாக இருந்தது, 1970களின் நடுவில் ஹெவிவெயிட் பட்டமாக உயர்ந்தது, 1987-இல் கைவிடப்பட்டது. ஜெர்ரி லாலர் என்ற ஒரே மனிதர் அதை 50 முறைக்கும் மேல் வென்றார். 1990களில் கேபிள் டி.வி. வந்த புதிதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தலையில் கிரீடத்தோடு வர்ணனையாளர் மேசையில் உட்கார்ந்து, வில்லன்களுக்குப் பரிந்து கத்திக்கொண்டிருந்த ‘கிங்’ அவர்தான். அவருடைய குரல்தான் நம் வீடுகள்வரை வந்தது. அவரை உருவாக்கிய பட்டமோ அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

அது ஏன் இல்லாமல் போனது என்பதே என் கேள்வி. வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. வெற்றி தோல்வி முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்ற உண்மை வெளியே தெரிந்ததும் ஜனங்கள் நம்பிக்கை இழந்தார்கள் என்பது ஒன்று. வாரத்துக்கொருமுறை கைமாறிக் கைமாறிப் பட்டம் மலிந்துபோயிற்று என்பது இன்னொன்று. இரண்டும் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை. அந்தப் பட்டத்தின் உயிர் அதை வென்றவர்களிடம் இல்லை, அது சுற்றிவந்த எல்லைக்குள் இருந்தது. எல்லையை வெளியிலிருந்து உடைத்தார்கள், பட்டம் மறைந்தது. இதுதான் நான் சொல்ல வந்தது.

எல்லை என்றேன், அது நிஜமாகவே வகுக்கப்பட்ட எல்லை. 1948 ஜூலையில் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ என்ற ஊரில் சில மல்யுத்த முதலாளிகள் கூடி ‘நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். உன் வட்டாரத்தில் நான் நுழையமாட்டேன், என் வட்டாரத்தில் நீ நுழையாதே, உலகப் பட்டம் ஒன்றே ஒன்று, அதை வைத்திருப்பவர் எல்லா வட்டாரங்களுக்கும் முறைவைத்து வந்து ஆடிவிட்டுப் போவார் என்பது அவர்களுடைய ஒப்பந்தம். போட்டியை ஒழிக்கும் கூட்டுச்சதி என்று அமெரிக்க நீதித்துறை இதன்மேல் வழக்குத் தொடர்ந்தது. 1956-இல் கூட்டமைப்பு பணிந்து ஒப்புதல் ஆணைக்குக் கட்டுப்பட்டது. தாளில் எல்லைகள் அழிந்தன, நடைமுறையில் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தன. உலகச் சாம்பியன் ஓர் ஊருக்கு எப்போதோ ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் அரங்கை நிரப்ப ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாக ஒரு பட்டம் தேவைப்பட்டது. வட்டாரப் பட்டங்கள் பெருகியது இப்படித்தான். இதே ‘சதர்ன் ஹெவிவெயிட்’ என்ற பெயரில் ஃபுளோரிடாவிலும் ஒரு பட்டம் இருந்தது, ஜார்ஜியாவிலும் இருந்தது. வெவ்வேறு வட்டாரங்களில் வெவ்வேறு பேர் தென்னாட்டுச் சாம்பியன்களாக வலம்வந்தும் யாரும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஃபுளோரிடா ரசிகர் மெம்ஃபிஸ் டி.வி.யைப் பார்க்க வழியில்லை. அவரவர் உலகம் அவரவர் ஆன்டெனாவுக்கு எட்டிய தூரத்தோடு முடிந்தது.

மெம்ஃபிஸ் உலகத்தை முதலில் ஆண்டவர்கள் நிக் குலாஸ், ராய் வெல்ச் என்ற இரு கூட்டாளிகள். நாஷ்வில் நகரம் அவர்களுடைய தலைமையிடம். அவர்களிடம் டிக்கெட் விற்ற பெண்மணிகளில் ஒருவர் கிறிஸ்டீன் ஜாரெட். அவருடைய மகன் ஜெர்ரி ஜாரெட் அந்தத் தொழிலிலேயே வளர்ந்து, மல்லராகி, மெம்ஃபிஸ் பகுதியை நிர்வகிப்பவராகவும் ஆனார். நிக் குலாஸ் தன் மகன் ஜார்ஜை எப்படியாவது நட்சத்திரமாக்கிவிட வேண்டும் என்று மேடைமேல் மேடையாக ஏற்றினார். தன் ஊர் ஆட்டங்களில் அவரை முன்னிறுத்த ஜாரெட் ஒப்பவில்லை. 1977-இல் இருவரும் பிரிந்தார்கள். மெம்ஃபிஸ், லூயிவில், எவன்ஸ்வில் முதலிய ஊர்கள் ஜாரெட் பக்கம் வந்தன, நாஷ்வில் குலாஸிடம் நின்றது. சில ஆண்டுகளிலேயே குலாஸ் கடையை மூடினார், நாஷ்வில்லும் ஜாரெட்டிடம் வந்து சேர்ந்தது. இந்தச் சிறு வரலாறு என் வாதத்துக்கு மிக முக்கியம். பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்பது முதலாளியின் கையில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கைக்குமேல் ஒரு கை இருந்தது. ஜார்ஜ் குலாஸுக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்க ஆள் இல்லை. முடிவைத் தீர்மானித்து எழுதிவிடலாம், டிக்கெட் வரிசையை யாரும் எழுதிவைக்க முடியாது.

அந்த வட்டாரத்தின் ஒரு வாரம் எப்படி ஓடியது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டம் உயிரோடு இருந்தது அந்த ஓட்டத்தில்தான். சனிக்கிழமை காலை டபிள்யூ.எம்.சி. என்ற உள்ளூர் டி.வி. நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நேரடி ஒளிபரப்பு. மேசைக்குப் பின்னால் இருவர். நீண்ட மூக்கும் நிதானமான குரலுமாக லான்ஸ் ரசல். பக்கத்தில் டேவ் பிரவுன். இந்த டேவ் பிரவுன் அதே நிலையத்தில் வானிலை அறிக்கை வாசிப்பவர். சனிக்கிழமை காலை ‘லாலர் ஏமாற்றப்பட்டார்’ என்று சொல்பவரும், நாளை மழை வருமா என்று மற்ற நாட்களில் சொல்பவரும் ஒரே மனிதர். ஒளிபரப்பு முடிந்ததும் மல்லர்கள் காரில் ஏறி நாஷ்வில் போவார்கள். திங்கட்கிழமை இரவு மெம்ஃபிஸின் மிட்-சவுத் கொலிசியம். பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய வட்ட அரங்கம் அது. 1966-இல் பீட்டில்ஸ் பாடிய இடம். செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில், பிறகு சிற்றூர்கள், மறுபடி சனிக்கிழமை காலை ஸ்டூடியோ. வாரச் சந்தையைப் போல அது திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு அதே நாளில் வந்தது. இந்த வாரம் ஏமாற்றிய வியாபாரி அடுத்த வாரமும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும்.

பட்டம் இந்தச் சக்கரத்துக்கு அச்சாக இருந்தது. திங்கள் இரவு வில்லன் குறுக்குவழியில் பட்டத்தைப் பறிப்பார். நடுவரின் கண்ணில் பொடி தூவுவார், அல்லது கால்சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை எடுப்பார். சனிக்கிழமை காலை அந்தக் காட்சியை டி.வி.யில் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். பறிகொடுத்தவர் ரசலின் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, வரும் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று சூளுரைப்பார். திங்களன்று டிக்கெட் விற்கும். பட்டத்தின் வேலை ஒருவரைச் சிறந்த மல்லர் என்று நிரூபிப்பதல்ல, ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு கட்டிப்போடுவது. இதை மனத்தில் வைத்தால் லாலர் 50 முறைக்கு மேல் வென்றார் என்ற கணக்கு கேலியாகத் தெரியாது. 50 முறை வெல்வதற்குக் குறைந்தது 49 முறை இழந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இழப்பும் ஊரார் காசு கொடுத்துப் பார்க்க விரும்பிய ஒரு திங்கட்கிழமையை உண்டாக்கியது.

1979 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ என்ற சிற்றூரில் நடந்ததை இதற்குச் சான்றாக வைக்கிறேன். லாலரும், ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியா வழியாக வந்து சேர்ந்த பில் டண்டியும் சேர்ந்து, வெய்ன் ஃபாரிஸ், லாரி லேதம் இருவரோடு தெற்கத்தி இரட்டையர் பட்டத்துக்காக மோதினார்கள். எதிரணி வென்றது, மணி அடித்தாயிற்று, வழக்கமாக அங்கே கேமரா நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. சண்டை ரிங்கை விட்டு இறங்கி, தின்பண்டம் விற்கும் கடைக்குள் புகுந்தது. நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் கடுகுக் குழம்பு ஜாடிகளையும் கையில் அகப்பட்ட தட்டுமுட்டுச் சாமான்களையும் வீசுகிறார்கள். தரை வழுக்குகிறது, ரசல் ஓடிவந்து, கண்ணால் கண்டதை நம்பமுடியாதவர்போல வர்ணிக்கிறார். படச்சட்டம் ஆடுகிறது, வெளிச்சம் போதவில்லை. மல்யுத்த ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்க்கும் காட்சி அது. சனிக்கிழமை காலை அதைக் கண்ட மெம்ஃபிஸ்காரருக்குப் பெல்ட்டை யார் இடுப்பில் கட்டியிருந்தார் என்பது பெரிதாகப் பட்டிருக்காது. தான் சோடா வாங்கிக் குடிக்கும் அதே மாதிரிக் கடைக்குள் அந்தச் சண்டை வந்துவிட்டது என்பதுதான் பெரிது. வட்டாரப் பட்டத்தின் பலம் அந்த நெருக்கம். தேசம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி தயாரிப்பவரால் எத்தனை கோடி செலவழித்தாலும் அதை வாங்க முடியாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எல்லாம் முன்பே பேசிவைத்த ஆட்டம், இதில் பட்டம் என்ன, வரலாறு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் மிகப் பழையது. 1930களிலேயே நியூயார்க் பத்திரிகையாளர் டான் பார்க்கர், ஜாக் ஃபெஃபர் என்ற மனக்கசப்புற்ற புரமோட்டர் தந்த தகவல்களைக் கொண்டு, யார் யாருக்கு எப்போது தோற்பது என்பதெல்லாம் ஏற்பாடுதான் என்று அச்சிலேயே போட்டு உடைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் 1948-இன் கூட்டமைப்பே தோன்றியது, வட்டாரங்கள் செழித்தன. 1985-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘20/20’ நிகழ்ச்சியில் எடி மான்ஸ்ஃபீல்டு என்ற மல்லர், நெற்றியில் பிளேடால் கீறி ரத்தம் வரவழைப்பது எப்படி என்று செய்தே காட்டினார். அதே நிகழ்ச்சியில், இதெல்லாம் பொய்தானே என்று கேட்ட நிருபரை டேவிட் ஷுல்ட்ஸ் என்ற மல்லர் இரண்டு அறை அறைந்த காட்சியும் ஒளிபரப்பானது. தொழிலே ஒப்புக்கொண்டது 1989-இல். விளையாட்டுக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக, இது போட்டி அல்ல, கேளிக்கை என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-ஐ நடத்திய வின்ஸ் மக்மானின் நிறுவனம் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம் சொன்னது. ரகசியம் வெளிவந்ததால் பட்டம் செத்தது என்றால் 1989-க்குப் பிறகு அது செத்திருக்க வேண்டும். தெற்கத்திப் பட்டம் 1987-இலேயே போய்விட்டது. ஒப்புக்கொண்ட நிறுவனமோ அடுத்த பத்தாண்டில் முன்னெப்போதும் இல்லாத கூட்டத்தைக் கண்டது. கொலை நடந்த நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்த ஊரிலேயே இல்லை.

அடிக்கடி கைமாறி மலிந்தது என்ற வாதம் இதைவிடக் கனமானது. மறுக்க வேண்டுமானால் அடிக்கடி கைமாறாத ஒரு பட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒன்று 300 மைலுக்கும் குறைவான தூரத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்தது. அங்கே புரமோட்டர் சாம் மச்னிக், விளையாட்டு நிருபராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர், கூட்டமைப்பின் தலைவராகப் பல்லாண்டு பதவி வகித்தவர். அவருடைய ‘ரெஸ்லிங் அட் த சேஸ்’ நிகழ்ச்சி 1959-இல் கே.பி.எல்.ஆர். தொலைக்காட்சியில் தொடங்கியது. படப்பிடிப்பு நடந்தது சேஸ் ஹோட்டலின் நடனக் கூடத்தில். கண்ணாடிச் சரவிளக்குகளுக்குக் கீழே, கோட்டு சூட்டணிந்த கனவான்களும் மாலை விருந்துக்கு உடுத்திய பெண்களும் ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மெம்ஃபிஸின் கடுகு ஜாடிக்கும் இதற்கும் எத்தனை தூரம்! மச்னிக் 1972-இல் மிசௌரி பட்டத்தை ஏற்படுத்தினார். முதல் சாம்பியன் அந்த மாநிலத்திலேயே பிறந்த ஹார்லி ரேஸ். ஜாக் பிரிஸ்கோ, டெரி ஃபங்க், ரிக் ஃபிளேர், கெரி வான் எரிக் என்று அதை வைத்திருந்த பெயர்களைப் பாருங்கள். உலகப் பட்டத்துக்கு ஏறும் கடைசிப் படி என்று தொழிலில் அதற்கு மரியாதை. சங்கிலியும் பொடியும் அங்கே நடக்காது. ஒரு பட்டம் கைமாறினால் அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் காரணம் மாதக்கணக்கில் பேசப்படும்.

மெம்ஃபிஸ் தன் பட்டத்தைத் தாராளமாகச் செலவழித்த ஊர், செயின்ட் லூயிஸ் எண்ணி எண்ணிச் செலவழித்த ஊர். மலிவுதான் கொல்கிறது என்றால் மெம்ஃபிஸ் பட்டம் மட்டும் செத்து மிசௌரி பட்டம் பிழைத்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1982 புத்தாண்டு நாளில், நிறைந்து வழிந்த அரங்கத்தில் மச்னிக்குக்கு விடைகொடுத்தார்கள். 1983-இல் சேஸ் நிகழ்ச்சி நின்றது. அந்த ஒளிபரப்பு நேரத்தை நியூயார்க்கைச் சேர்ந்த மக்மான் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1980களின் நடுவில் மிசௌரி பட்டமும் மறைந்தது. சிக்கனமாகக் காத்த பட்டம் முந்திப் போயிற்று, ஊதாரித்தனமாக ஆடிய பட்டம் சற்றுப் பிந்திப் போயிற்று. எதிரெதிர் வழியில் நடத்தப்பட்ட இரண்டு பட்டங்கள் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் முடிந்தன என்றால், காரணத்தை நடத்திய விதத்தில் தேடுவது வீண். இரண்டுக்கும் பொதுவாக என்ன பறிபோனது என்று தேட வேண்டும். மச்னிக் போன்ற ஒருவர் ஓய்வு பெற்றால் எந்த நிறுவனமும் தள்ளாடும் என்று மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், அவருடைய விலகல் செயின்ட் லூயிஸின் முடிவை முன்னுக்கு இழுத்தது. ஆனால் ஜாரெட் எங்கும் விலகவில்லை. லாலர் உச்சத்தில் இருந்தார். அங்கேயும் முடிவு வந்தது.

பறிபோனது எல்லை. 1976 டிசம்பரில் அட்லாண்டாவின் டெட் டர்னர் தன் உள்ளூர் நிலையத்தைச் செயற்கைக்கோளில் ஏற்றினார். அதில் ஓடிய ஜார்ஜியா மல்யுத்தம் மற்ற வட்டாரத்து வீடுகளுக்குள் கேபிள் வழியாக நுழைந்தது. எல்லைக்கு மரியாதை கொடுப்பவர்கள் ஜார்ஜியா மல்யுத்தத்தை நடத்திய வரையில் இது சேதமில்லாமல் கழிந்தது. 1982-இல் வின்ஸ் மக்மான் தன் தந்தையிடமிருந்து நியூயார்க் நிறுவனத்தை வாங்கினார். ஒப்பந்தத்தை மதிக்க அவருக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. வட்டாரந்தோறும் டி.வி. நேரத்தை விலைக்கு வாங்கினார், வட்டாரந்தோறும் நட்சத்திரத்தைப் பெயர்த்தெடுத்தார். 1984 ஜூலையில் டர்னர் நிலையத்தின் சனிக்கிழமை நேரமே அவர் வசமானது. 1985 மார்ச் 31-ஆம் தேதி மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெஸில்மேனியா நடந்தது. அதே 1985-இல் மெம்ஃபிஸில், தோற்றவர் ஊரை விட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு ஓர் ஆட்டம். லாலரிடம் தோற்றுப் போனவர் ராண்டி சாவேஜ். அவர் போனது மக்மானிடம். ஊரைவிட்டுப் போவது அதுவரை பக்கத்து வட்டாரத்துக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புவது. அதற்கென்றே அந்த நிபந்தனை ஆட்டம் உண்டானது. இந்த முறை போனவர் தேசம் முழுவதும் தெரிந்த முகமாகி, எல்லார் வீட்டு டி.வி.யிலும் நின்றார். உள்ளூர்ச் சாம்பியனின் தலைக்குமேல் இன்னொரு சாம்பியன் ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், ‘தெற்கத்தி’ என்ற சொல்லின் பொருள் ஒரே இரவில் மாறிவிட்டது. முன்பு அது நம்முடையது என்று ஒலித்தது. இப்போது அது சிறியது என்று ஒலித்தது.

ஏகபோகக் கூட்டணி ஒன்றை நான் மகத்துவப்படுத்துகிறேன் என்று இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எழவேண்டியதுதான். எல்லை என்பது மல்லனுக்கு வேலியாகவும் இருந்தது. முதலாளியைப் பகைத்துக்கொண்டவனுக்கு அடுத்த வட்டாரத்திலும் வேலை கிடைக்காது. மெம்ஃபிஸில் கூலி சொற்பம் என்பது தொழிலில் பேர்போன செய்தி. வாரம் முழுக்கக் கார்ப் பயணம், காயத்துக்குக் காப்பீடு இல்லை. ஜாரெட்டோடு பங்காளியாக இருந்த லாலர் தன் பட்டத்தைத் தானே தீர்மானிக்கும் இடத்தில் இருந்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இவை உண்மையான குற்றங்கள். ஆனால் வட்டாரங்களை விழுங்கிய பெரிய நிறுவனம் இவற்றில் எதைத் திருத்தியது? மல்லர்களை ஊழியர்களாக ஏற்காமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கும் வழக்கம் தொடர்ந்தது. இருபது முப்பது முதலாளிகள் இருந்த இடத்தில் ஓரிருவர் மட்டும் எஞ்சினார்கள். கூலி பேரம் பேசப் போக்கிடம் குறைந்தது. ஏகபோகத்தை வெறுப்பவர்கள் வட்டார முறையின் முடிவைக் கொண்டாட முடியாது.

வட்டாரப் பார்வையாளர்களுக்கு இருந்த அதிகாரம் எத்தகையது என்பதை, இந்தப் பட்டம் ஹெவிவெயிட் ஆவதற்கு முந்தைய ஒரு நிகழ்வு காட்டுகிறது. 1950களின் இறுதியில் மெம்ஃபிஸ் நிறவெறிச் சட்டங்களுக்குள் இருந்த நகரம். எல்லிஸ் அரங்கத்தில் கறுப்பின மக்கள் உச்சிமாடத்து மூலையில்தான் உட்காரலாம். ஸ்புட்னிக் மன்றோ என்ற வெள்ளைக்கார வில்லன் மல்லர், கறுப்பர்களின் பீல் தெருவில் குடித்துக் கூத்தடித்துத் திரிந்தார், அதற்காகவே போலீசில் பிடிபட்டார், கறுப்பின வழக்கறிஞர் ரசல் சுகர்மனை வைத்து வழக்காடினார். அந்த மக்கள் அவரைப் பார்க்கத் திரண்டார்கள், மாடம் போதவில்லை. அவர்களைக் கீழேயும் உட்காரவிடாவிட்டால் ஆடமாட்டேன் என்றார் மன்றோ. டிக்கெட் வருமானத்தை இழக்க மனமில்லாத நிர்வாகம் இணங்கியது. சட்டம் நகரத்தின் மற்ற கதவுகளைத் திறப்பதற்கு முன்பே ஒரு மல்யுத்த அரங்கத்தின் இருக்கைகள் கலந்தன. மன்றோவின் நெஞ்சில் இருந்தது நீதியுணர்வா, வியாபாரக் கணக்கா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை, இரண்டுமாகவே இருந்திருக்கலாம். டிக்கெட் வாங்கும் உள்ளூர்க் கூட்டம் ஒரு முதலாளியைப் பணியவைக்க முடிந்தது என்பதே இங்கே முக்கியம். ஜார்ஜ் குலாஸை நிராகரித்ததும் அதே கூட்டத்தின் கைதான். ஆயிரம் மைலுக்கு அப்பால் நிகழ்ச்சி தயாராகும்போது அந்தக் கை எட்டுவதில்லை.

பொய் கலந்த பட்டியலை வரலாறு என்று எப்படி ஏற்பது என்றும் கேட்கலாம். பட்டங்களின் பட்டியலில் நடக்காத ஆட்டங்களும் உண்டு. 1979-இல் பாட் பாட்டர்சன் ரியோ டி ஜெனிரோவில் ஒரு போட்டித் தொடரை வென்று இன்டர்காண்டினென்டல் சாம்பியன் ஆனார் என்று நியூயார்க் நிறுவனம் அறிவித்தது. அப்படியொரு தொடர் ரியோவில் நடக்கவே இல்லை. ஆனால் நம் சோழ அரசர்களின் மெய்க்கீர்த்திகளை வரலாற்றாசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? அவை புகழ்பாட எழுதப்பட்டவை, தோல்வியைச் சொல்லாதவை என்று தெரிந்தே வாசிக்கிறார்கள். எதிரியின் கல்வெட்டோடு ஒப்பிடுகிறார்கள். எந்த ஊரின் பெயர் எந்த ஆட்சியாண்டில் புதிதாகச் சேர்கிறது என்று கவனிக்கிறார்கள். தெற்கத்திப் பட்டத்தின் பட்டியலையும் அப்படி வாசித்தால் அது பேசும். 1980 தொடக்கத்தில் லாலர் அமெரிக்கக் கால்பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டு ஏறக்குறைய அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. அப்போது அரங்கம் இளைத்ததும், அவர் திரும்பியதும் நிறைந்ததும், ஒரு வட்டாரம் ஒரே மனிதர்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றியிருந்தது என்பதற்குப் பொய்யில்லாத சான்று. ஆட்டத்தின் முடிவு புனைவாக இருக்கலாம். வந்த கூட்டமும், வராத கூட்டமும் புனைவல்ல.

1982-இன் ஆண்டி காஃப்மன் விவகாரத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஹாலிவுட்டின் பேர்பெற்ற நகைச்சுவை நடிகர் அவர். மெம்ஃபிஸ் டி.வி.க்குப் படச்சுருள் அனுப்பி, சோப்பைக் கையில் பிடித்துக் காட்டி, இதன் பெயர் சோப்பு, இதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும் என்று தென்னாட்டு மக்களுக்குப் பாடம் நடத்தினார். ஏப்ரல் 5-ஆம் தேதி கொலிசியத்தில் லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்திய அடியில் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு போனார். அந்த அடி மெம்ஃபிஸில் தடைசெய்யப்பட்டது என்பதால் விதிப்படி வென்றவர் காஃப்மன். அன்று பட்டம் எதுவும் பந்தயத்தில் இல்லை. ஆனால் பட்டம் எதைக் குறித்தது என்று அன்றுதான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. வெளியூர்க்காரன் நம்மைக் கழுவத் தெரியாதவர்கள் என்கிறான், பதில் சொல்ல நம் ஊரில் ஒருவன் இருக்கிறான். இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது என்பது காஃப்மன் 1984-இல் இறந்து பல்லாண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. அது தெரிந்தபிறகும் மெம்ஃபிஸ்காரர்கள் அந்த இரவைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

கடைசியாக, என் வாதத்துக்கு நேரெதிராகத் தோன்றும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லைகள் இடிந்தபிறகும் மற்ற எல்லா வட்டாரங்களையும்விட அதிக காலம் மெம்ஃபிஸ் நின்றது. வேறு பெயரில், வேறு பட்டங்களோடு, 1997 வரை. எல்லைதான் உயிர் என்றால் இது எப்படி? 1988 மே மாதம் லாலர் கர்ட் ஹென்னிக்கை வென்று, மினியாபொலிஸைச் சேர்ந்த வெர்ன் காக்னே நடத்திய ஏ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். எஞ்சியிருந்த வட்டாரங்கள் ஒன்றுசேர்ந்து மக்மானை எதிர்ப்பது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி சிகாகோவில் லாலரும், டெக்சாஸின் கெரி வான் எரிக்கும் பட்டங்களை ஒன்றாக்கும் ஆட்டத்தில் மோதினார்கள். கட்டணத் தொலைக்காட்சியில் தேசம் முழுவதும் ஒளிபரப்பு. லாலர் வென்றார். சிகாகோ அரங்கத்துக்கு 2,000 பேர்கூட வரவில்லை. மெம்ஃபிஸின் ஆளும் டெக்சாஸின் ஆளும் சிகாகோவில் யாருக்கும் யாருமில்லை. பணப் பங்கீட்டில் தகராறு வந்தது, அடுத்த மாதமே காக்னே தன் பட்டத்தை லாலரிடமிருந்து பறித்ததாக அறிவித்தார். லாலர் ‘ஒன்றிணைந்த உலகப் பட்டம்’ என்ற பெயரோடு மெம்ஃபிஸுக்குத் திரும்பினார். பெயரில் உலகம் இருந்ததே தவிர, அது சுற்றியது பழைய பாதையில்தான்: சனிக்கிழமை காலை டபிள்யூ.எம்.சி., திங்கள் இரவு கொலிசியம். பின்னாளில் அண்டர்டேக்கர் என்று பேர்பெற்றவர் 1989-இல் வேறு பெயரில் அங்கே லாலரோடு மோதினார். 1996-இல் ஃபிளெக்ஸ் கவானா என்ற பெயரில் அதே வட்டாரத்தில் தொழில் பழகிய இளைஞரைப் பிறகு நாம் ராக் என்று அறிந்தோம். ஒரு உள்ளூர் டி.வி. நிலையமும், அதை வாராவாரம் பார்த்த ஊர்களும் இருந்தவரை ஏதோ ஒரு பெல்ட்டுக்கு அங்கே மதிப்பு இருந்தது. சிகாகோவில் தேசத்தின் முன்னால் காட்டியபோது கிடைக்காத மதிப்பு அது.